இணையத்தில் வங்கிக் கணக்கு: கவனம் இருக்க வேண்டிய இடம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இணைய வங்கிச் சேவையைப் புதிதாகப் பயன்படுத்துகிறீர்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவியிருக்கிறீர்கள். மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுகிறீர்கள். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே நுழைகிறீர்கள். இவ்வளவு செய்தும் பயம் போகவில்லை. இது போதுமா, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

போதாது. உங்களிடம் அக்கறை குறைவு என்பதல்ல காரணம். அந்த அக்கறை முழுவதும் இயந்திரத்தின் மீது இருக்கிறது. மோசடிக்காரர்களோ மனிதரைத் தேடி வருகிறார்கள். உங்கள் கணினிக்கும் வங்கியின் கணினிக்கும் இடையே போகும் தகவலை வழிமறித்துப் படிப்பது இன்று மிகக் கடினம். வங்கியின் கணினிக்குள் புகுவதும் எளிதல்ல. அதனால் பெரும்பாலான மோசடிக்காரர்கள் அந்த இரண்டையும் விட்டுவிட்டு, கணக்குக்கு உரியவரிடமே பேசிக் காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். கடவுச்சொல்லை அவரே தட்டச்சு செய்கிறார், போனுக்கு வரும் ஒருமுறை எண்ணான ஓடிபியை அவரே சொல்கிறார், சில நேரங்களில் பணத்தையும் அவரே அனுப்புகிறார். வங்கியின் பதிவேட்டில் எல்லாம் முறைப்படி நடந்த பரிவர்த்தனையாகவே இருக்கும்.

ஆகவே இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: தொடர்பை யார் தொடங்கினார்கள் என்று முதலில் பாருங்கள். நீங்களாக வங்கியைத் தேடிப் போனீர்களா, அல்லது உங்களைத் தேடி ஏதோ ஒன்று வந்ததா? தேடி வந்தது தொலைபேசி அழைப்போ, குறுஞ்செய்தியோ, மின்னஞ்சலோ, அதற்குள் இருந்தபடியே கடவுச்சொல், ஓடிபி, பணம் எதையும் கொடுக்கக் கூடாது. அதை மூடிவிட்டு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழியில் வங்கிக்குப் போங்கள். வந்த செய்தி உண்மையாக இருந்தால் அங்கேயும் அதைப் பற்றிய தகவல் இருக்கும். இல்லையென்றால் உங்கள் பணம் தப்பியது.

இப்போது உங்கள் மூன்று பழக்கங்களுக்கு வருகிறேன். பூட்டுப் படம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் உலாவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே தகவல் மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாத வடிவில், போகிறது. அந்தத் தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்பதை அது சொல்லவே சொல்லாது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, பூட்டுப் படம் வருவதற்குத் தேவையான சான்றிதழை யாருக்கும் இலவசமாக, சில நிமிடங்களில் வழங்கத் தொடங்கியது. இணையத்துக்கே நன்மை செய்த முயற்சி அது. ஆனால் நல்ல தளங்களுக்குக் கிடைத்தது போலவே போலித் தளங்களுக்கும் பூட்டு கிடைத்தது. பூட்டைப் பார்த்ததும் பாதுகாப்பானது என்று மக்கள் தவறாகப் புரிந்துகொள்வதைக் காரணமாகச் சொல்லித்தான் கூகுள், 2023 செப்டம்பரில் வந்த குரோம் உலாவியின் 117ஆம் பதிப்பில் அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறொரு சின்னத்தை வைத்தது. மறையாக்கம் இல்லாத தளத்தில் நுழையாதீர்கள் என்பது சரி. பூட்டு இருப்பதால் நுழையலாம் என்பது தவறு.

கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்றுவதில் பெரிய பயன் இல்லை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்வதைக் கைவிடுமாறு கூறிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பழைய சொல்லின் கடைசியில் உள்ள 5ஐ 6 ஆக்குவார்கள். வெளியே கசிந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால் அன்றே மாற்றுங்கள். மற்றபடி நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கட்டும். 2007இல் கண்டறியப்பட்ட ஜீயஸ் போன்ற தீநிரல்கள் உலாவிக்குள்ளேயே உட்கார்ந்து வங்கிக் கடவுச்சொற்களைத் திருடியவை. அந்த வகை இன்னும் அழிந்துவிடவில்லை. ஆனாலும் இயங்குதளத்தையும் உலாவியையும் உடனுக்குடன் புதுப்பித்து வைப்பது அதைவிட முக்கியம்.

இனி, ஏமாற்று வேலை எப்படி நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்ப்போம். உங்கள் கணக்கு முடக்கப்படப் போகிறது, உடனே விவரங்களைச் சரிபாருங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் உங்கள் வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் திறக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கிறீர்கள். ‘சற்றுக் காத்திருக்கவும்’ என்று ஒரு சக்கரம் சுழல்கிறது. அந்த நேரத்தில் மறுமுனையில் இருப்பவர், நீங்கள் கொடுத்த அதே விவரங்களை உண்மையான வங்கித் தளத்தில் இட்டுக்கொண்டிருக்கிறார். சில இடங்களில் இதை ஆளே இல்லாமல் நிரலே செய்துவிடுகிறது. உங்கள் போனுக்கு வங்கியிடமிருந்து ஓடிபி வருகிறது. அது போலி அல்ல, வங்கியே அனுப்பிய உண்மையான எண். அதைப் போலிப் பக்கத்தில் இடுகிறீர்கள். அவர் உள்ளே போய்விடுகிறார். பிறகு ‘பிழை ஏற்பட்டது, மீண்டும் ஓடிபி இடவும்’ என்று வரும். இரண்டாவது எண் உள்நுழைவுக்கானது அல்ல. பணம் பெறும் புதிய கணக்கைச் சேர்ப்பதற்கானது.

இந்த இடத்தில்தான் உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரு வரி இருக்கிறது, பலரும் அதைப் படிப்பதில்லை. ஓடிபி செய்தியில் எண் மட்டும் இருக்காது. அது எதற்கான எண், எவ்வளவு தொகை, யாருக்கு என்பதும் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஆனால் இன்றைய போன்கள் அந்த எண்ணை மட்டும் பிரித்தெடுத்து விசைப்பலகைக்கு மேலே காட்டுகின்றன. ஒரு தொடுதலில் எண் பெட்டிக்குள் போய்விடுகிறது; செய்தியைத் திறக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. வசதியான ஏற்பாடுதான், வங்கி விஷயத்தில் மட்டும் அதை நம்பாதீர்கள். செய்தியைத் திறந்து, எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களை முழுவதும் படித்துவிட்டு, நீங்கள் செய்துகொண்டிருக்கும் காரியமும் அதில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு இடுங்கள். வங்கிச் செயலி ‘அனுமதிக்கிறீர்களா?’ என்று கேட்கும் அறிவிப்புக்கும் இதே கவனம் தேவை. நீங்கள் எதுவும் செய்யாத நேரத்தில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது என்று பொருள். மறுத்துவிட்டு உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு நடந்தது, இந்த வகை மோசடி எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது. ஏறத்தாழ 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. மோசடிக்காரர்கள் அனுப்புநர் பெயரைப் போலியாக அமைத்திருந்ததால், அந்தக் குறுஞ்செய்தி வங்கி அதுவரை அனுப்பிய உண்மையான செய்திகளின் வரிசையிலேயே போய் உட்கார்ந்தது. மேலே பார்த்தால் பழைய உண்மைச் செய்திகள், கடைசியில் இது. யாருக்குச் சந்தேகம் வரும்? வங்கி பின்னர் இழந்த தொகையை முழுவதும் கொடுத்தது. 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து, வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் தொடக்கூடிய இணைப்புகளை நீக்கச் செய்தன. புதிய போனில், பரிவர்த்தனைகளை உறுதிப்படுத்தும் வங்கியின் பாதுகாப்பு டோக்கனைச் செயல்படுத்தினால் குறைந்தது 12 மணி நேரத் தாமதம் வேண்டும் என்பதும் அப்போது வந்த விதி. அனுப்புநர் பெயரை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியிலும் இப்படியே. திரையில் வங்கியின் எண்ணே தெரிந்தாலும் அழைப்பவர் வங்கிக்காரர் என்று உறுதி இல்லை; எண்ணைப் போலியாகக் காட்டும் வழிகள் இருக்கின்றன.

முகவரியைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. உதாரணத்துக்கு உங்கள் வங்கியின் தளம் நம்வங்கி.காம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வந்திருக்கும் இணைப்பு நம்வங்கி.காம்.கணக்குசரிபார்ப்பு.நெட்/உள்நுழைவு என்று இருக்கிறது. கண் இடமிருந்து வலமாகப் படிப்பதால் முதலில் வங்கியின் பெயரைப் பார்த்துவிட்டுச் சமாதானம் அடைந்துவிடுகிறது. தள முகவரியின் உரிமையாளரோ வலப்புறத்தில் இருக்கிறார். முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள்: நெட், அதற்கு முன் கணக்குசரிபார்ப்பு. அவ்வளவுதான், இந்தத் தளம் ‘கணக்குசரிபார்ப்பு.நெட்’ என்பதைப் பதிவு செய்தவருடையது. அதற்கு முன்னால் உள்ள வங்கியின் பெயர் அவர் ஒட்டிக்கொண்ட அலங்காரம். சில நாட்டு முகவரிகளில் கடைசி இரண்டுக்குப் பதில் மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டியிருக்கும். சிறிய போன் திரையில் நீண்ட முகவரி முழுவதும் தெரியாது என்பதால் இந்தத் திறமையையும் முழுவதும் நம்பியிருக்க வேண்டாம். வங்கியின் முகவரியை அதன் அட்டையிலிருந்தோ கணக்கு ஆவணத்திலிருந்தோ பார்த்து ஒருமுறை கவனமாகத் தட்டச்சு செய்து, புத்தகக்குறியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போதும் அதன் வழியாகவே போங்கள், அல்லது அதிகாரபூர்வச் செயலியைத் திறங்கள்.

தேடுபொறியில் வங்கியின் பெயரைத் தட்டி, முதலில் வருவதைத் தொடுவதும் ஆபத்துதான். முதலில் வருவது பல நேரங்களில் விளம்பரம். விளம்பரத்தைக் காசு கொடுத்து யாரும் போடலாம். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபவர்கள் இதில் அதிகமாகச் சிக்குகிறார்கள். பணம் போகவில்லை, அட்டை வேலை செய்யவில்லை என்ற பதற்றத்தில் தேடுகிறார்கள். கிடைத்த எண்ணுக்கு அவர்களே அழைக்கிறார்கள். மறுமுனையில் மிகப் பொறுமையாக, மிக மரியாதையாகப் பேசுகிறார்கள். நானாக அழைத்த எண்தானே என்ற நம்பிக்கையில் கேட்டதையெல்லாம் சொல்லிவிடுகிறோம். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை இன்றே போனில் பதிந்து வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

வங்கிகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. நான் கணக்கு வைத்திருக்கும் ஒரு வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்த எடுப்பில், பேசுவது நான்தானா என்று உறுதிப்படுத்த என் பிறந்த தேதியைச் சொல்லச் சொன்னார்கள். அவர் வங்கி ஊழியர் என்பதை அவர் எனக்கு எப்படி உறுதிப்படுத்துவார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. துண்டித்துவிட்டு அட்டையில் உள்ள எண்ணுக்கு அழைத்தேன். உண்மையாகவே அவர்கள்தான் அழைத்திருந்தார்கள், ஏதோ கடன் திட்டத்தை விளக்குவதற்காக. ஒரு பக்கம் யாரிடமும் விவரம் சொல்லாதீர்கள் என்று விளம்பரம் செய்துவிட்டு, மறுபக்கம் இப்படி அழைத்து விவரம் கேட்டால், மோசடிக்காரரின் அழைப்புக்கு மக்களைப் பழக்குவது வங்கியே. உங்களுக்கும் இப்படி நடந்தால் புகார் கொடுங்கள். துண்டிப்பதால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். உண்மையான ஊழியர் அதைப் புரிந்துகொள்வார்.

போனில் பேசுபவர் திரைப் பகிர்வுச் செயலி ஒன்றை நிறுவச் சொன்னால் அந்த நொடியே பேச்சை முடித்துவிடுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல செயலிகள், அலுவலகங்களில் தினமும் பயன்படுபவை. ஆனால் முன்பின் தெரியாதவருக்கு உங்கள் திரையைத் திறந்துவிட்டால், கடவுச்சொல் இடுவது முதல் ஓடிபி வருவது வரை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். இதைவிட மோசமானது, குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ ஏபிகே கோப்பாக (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்து சேரும் செயலி. திருமண அழைப்பிதழ், அபராத ரசீது, வங்கிப் புதுப்பிப்பு என்று ஏதாவது ஒரு பெயரில் வரும். நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்கவும், ஆண்ட்ராய்டில் உள்ள அணுகல்தன்மை வசதியைப் பயன்படுத்தவும் அனுமதி கேட்கும். பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்காக உருவான அந்த வசதி, திரையில் உள்ளதைப் படிக்கவும் பொத்தான்களை அழுத்தவும் செயலிக்கு அதிகாரம் தருகிறது. கெட்ட செயலியின் கையில் அது போனால், நீங்கள் தூங்கும்போது உங்கள் போன் தானாகவே பணம் அனுப்பும். அதிகாரபூர்வச் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவாதீர்கள். அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியை இன்றே ஒருமுறை திறந்து, யாருக்கெல்லாம் அனுமதி இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு தந்திரம், உங்களுக்குப் பணம் தருவதாகச் சொல்லிப் பணத்தைப் பிடுங்குவது. பரிசு, திரும்பி வரும் தொகை, பழைய பொருளுக்கான விலை என்று ஏதோ ஒன்றைச் சொல்லி, பெற்றுக்கொள்ள இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள், ரகசிய எண்ணை இடுங்கள் என்பார்கள். பணம் பெறுவதற்கு உங்கள் கணக்கு எண்ணோ அதற்கு இணையான முகவரியோ போதும். ரகசிய எண் என்பது பணம் வெளியே போவதற்கான சம்மதம். அதை எங்கே கேட்டாலும் பணம் போகப் போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பலரும் கவனிக்காத ஒரு இடம்: மின்னஞ்சல். வங்கிக் கடவுச்சொல்லை நீளமாக வைத்துவிட்டு, மின்னஞ்சலுக்குப் பத்து வருடப் பழைய சொல்லை வைத்திருப்பவர்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலான சேவைகளில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் புதிய கடவுச்சொல்லுக்கான இணைப்பு மின்னஞ்சலுக்குத்தான் போகிறது. அதற்குள் நுழைந்தவர் மற்றவற்றுக்குள் நுழைய அதிக நேரம் ஆகாது. சிலர் நுழைந்ததும் ஒரு வேலை செய்வார்கள்: வங்கியிடமிருந்து வரும் அஞ்சல்களை வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு, உங்கள் பெட்டியிலிருந்து அழித்துவிடும்படி ஒரு விதியை அமைத்துவிடுவார்கள். எச்சரிக்கை வந்ததே உங்களுக்குத் தெரியாது. மின்னஞ்சல் அமைப்புகளில் முன்னனுப்புதல், வடிகட்டி ஆகிய பகுதிகளைப் போய்ப் பாருங்கள். நீங்கள் அமைக்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. மின்னஞ்சலுக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள்; அதை முதல் வேலையாகவே செய்யுங்கள்.

அடுத்தது சிம். உங்கள் பெயரில் போலி ஆவணம் கொடுத்தோ, தொலைபேசி நிறுவன ஊழியரை ஏமாற்றியோ, உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபிகள் எல்லாம் அவர்களுக்குப் போகும். காரணமே இல்லாமல் போனில் சிக்னல் போய், அக்கம்பக்கத்தில் மற்றவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறது என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வேறு போனிலிருந்து தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். குறுஞ்செய்திக்கு வேறொரு பலவீனமும் உண்டு. தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய முறையில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தி, 2017 ஜனவரியில் ஜெர்மனியில் ஓ2 நிறுவன வாடிக்கையாளர்கள் சிலரின் வங்கிக் குறுஞ்செய்திகளைத் திசைதிருப்பிப் பணத்தை எடுத்தார்கள். சாதாரண மனிதரைக் குறிவைக்க யாரும் இவ்வளவு பாடுபடுவது அரிது. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வங்கி தன் செயலியின் வழியாகவோ தனிக் கருவியின் வழியாகவோ உறுதிப்படுத்தும் வசதி தந்தால், குறுஞ்செய்தியை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் பற்றி ஒரே ஒரு சேர்க்கை. ஒரே சொல்லைப் பல இடங்களில் வைப்பதுதான் உண்மையான ஆபத்து. எங்கோ ஒரு சிறிய தளத்திலிருந்து கசிந்த பெயர்களையும் கடவுச்சொற்களையும் எடுத்து, நிரல்கள் அவற்றை மின்னஞ்சல்களிலும் வங்கிகளிலும் வரிசையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. எல்லா இடத்துக்கும் வெவ்வேறு சொல்லை நினைவில் வைக்க முடியாது என்பதால் கடவுச்சொல் மேலாண்மைச் செயலி ஒன்றைப் பயன்படுத்துங்கள். இதில் இன்னொரு லாபம், அது தள முகவரியைப் பார்த்துத்தான் கடவுச்சொல்லை நிரப்பும். பக்கம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் முகவரி வேறு என்றால் பெட்டி காலியாகவே இருக்கும். வழக்கமாகத் தானாக நிரம்பும் பெட்டி இன்று நிரம்பவில்லை என்றால், சலித்துக்கொண்டு கையால் தட்டாதீர்கள், முகவரியைப் பாருங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்திருக்கும் பாஸ்கீ என்ற புதிய முறையும் இப்படியே உரிய தளத்துக்கு மட்டுமே வேலை செய்யும். உங்கள் வங்கி அதைத் தந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பொது இட வைஃபை பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். மறையாக்கம் எங்கும் பரவிவிட்டதால் அந்த ஆபத்து முன்பைவிட மிகவும் குறைந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் போனின் சொந்த டேட்டாவைப் பயன்படுத்துங்கள். பிறருடைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதுதான் கட்டாயம் தவிர்க்க வேண்டியது. அதில் விசை அழுத்தங்களைப் பதிவு செய்யும் நிரல் இருக்கிறதா என்று உங்களால் அறியவே முடியாது.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒரு நாள் அசதியில், அவசரத்தில், வீட்டில் யாருக்கோ உடல்நிலை சரியில்லாத நேரத்தில் ஏமாந்துபோகலாம். யாருக்கும் நடக்கும். அதனால் ஏமாந்தாலும் இழப்பு சிறிதாக இருக்கும்படி கணக்கை இப்போதே அமைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு முழுவதும் ஒரு கணக்கில் இருக்க, அதே கணக்கைச் சிறிய செலவுகளுக்கும் எல்லாச் செயலிகளுக்கும் இணைத்து வைப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். அதை மாற்றுங்கள். அன்றாடச் செலவுக்குத் தனிக் கணக்கு, அதில் அந்த மாதத்துக்குத் தேவையான தொகை மட்டும். சேமிப்புக் கணக்கை எந்தச் செயலியோடும் இணைக்க வேண்டாம். ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகைக்கு வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு பெரும்பாலும் உங்கள் தேவையைவிட மிக அதிகம். அமைப்புகளுக்குள் போய் அதைக் குறையுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை தேவையில்லை என்றால் அட்டையில் அதை முடக்கி வையுங்கள். மிகச் சிறிய தொகைக்கும் அறிவிப்பு வரும்படி அமையுங்கள், ஏனென்றால் பெரிய தொகையை எடுப்பதற்கு முன் சிறிய தொகையை எடுத்துச் சோதித்துப் பார்ப்பவர்கள் உண்டு.

பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயரை வங்கி காட்டினால் அதை நிதானமாகப் படியுங்கள். பிரிட்டனில் பெரிய வங்கிகள் 2020 முதல் பெயரையும் கணக்கு எண்ணையும் ஒப்பிட்டுக் காட்டுகின்றன. யூரோ நாணயப் பகுதியில் 2025 அக்டோபரிலிருந்து இது கட்டாயம். பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரை நம்பாதீர்கள். வழக்கமாகப் பணம் அனுப்பும் ஒருவரிடமிருந்து, எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதற்கு அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தால், பழைய தொலைபேசி எண்ணில் அவரைக் கூப்பிட்டு அவரிடமே கேளுங்கள். அவருடைய மின்னஞ்சலுக்குள் வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம். உங்கள் பணத்தைப் ‘பாதுகாப்பான கணக்குக்கு’ மாற்றுங்கள் என்று எந்த வங்கியும், எந்தக் காவல் துறையும் சொல்லாது. அப்படி ஒரு கணக்கே உலகத்தில் கிடையாது.

நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வங்கி. செயலியில் கணக்கையோ அட்டையையோ முடக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு, அட்டையில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து பலவற்றுக்கு என்று வேகமாகப் பிரிந்துவிடும். அது முதல் ஒன்றிரண்டு கணக்குகளில் இருக்கும்போதே தடுத்து நிறுத்தினால்தான் மீட்க வழி உண்டு. அதோடு உங்கள் நாட்டின் மோசடி உதவி எண்ணையும் அழையுங்கள்: இந்தியாவில் 1930, மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799, பிரிட்டனில் 159. புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி, அழைப்புப் பதிவு, ஸ்கிரீன்ஷாட் எதையும் கோபத்தில் அழிக்காதீர்கள்.

நேரம் சட்டப்படியும் முக்கியம். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வேறு இடத்தில் ஏற்பட்ட மீறலால் பணம் போனால், தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என்றாலும்கூட, புகார் செய்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அமெரிக்காவில், டெபிட் அட்டை தொலைந்தது தெரிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு 50 டாலருக்கு மேல் போகாது. தாமதித்தால் அது 500 டாலர் வரை, மிகவும் தாமதித்தால் அதற்கு மேலும் உயரும். பிரிட்டனில், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் நாட்டு விதி என்ன என்பதை, தேவை வருவதற்கு முன்பே வங்கியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாந்தவர்கள் தாமதிப்பதற்கு மிகப் பெரிய காரணம் அறியாமை அல்ல, வெட்கம். வீட்டில் என்ன சொல்வார்கள், படித்தவர் இப்படி ஏமாறலாமா என்று கேட்பார்களே என்று நினைத்து ஒரு இரவு முழுவதும் தனியாகத் தவித்துவிட்டு மறுநாள் சொல்கிறார்கள். அந்த இரவுக்குள் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது. மோசடிக்காரர்களோ நாள் முழுவதும் இதையே தொழிலாகச் செய்பவர்கள். எழுதி வைத்த வசனத்தோடு, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று பயிற்சி பெற்றுப் பேசுகிறார்கள். ‘யாரிடமும் சொல்லாதீர்கள், இது ரகசிய விசாரணை’ என்று அவர்கள் சொல்வதே, பக்கத்தில் இருக்கும் ஒருவர் கேட்டால் ஒரே நிமிடத்தில் உண்மை வெளியாகிவிடும் என்பதால்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே பேசுங்கள். ‘யாரும் ஏமாற்றினால் திட்ட மாட்டேன், முதலில் என்னைக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லி வையுங்கள். அவர்களைக் காப்பாற்ற, எந்த மென்பொருளையும்விட இந்த வாக்குறுதிக்கு அதிக சக்தி உண்டு.

கடைசியாக, பணத்தை இழந்த சில நாட்களில் இன்னொரு அழைப்பு வரக்கூடும். உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், வழக்கறிஞர் பேசுகிறோம் என்பார்கள். உங்கள் புகாரின் விவரங்கள்கூட அவர்களிடம் இருக்கும், ஏனென்றால் ஏமாந்தவர்களின் பட்டியலை மோசடிக்காரர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்கிறார்கள். சிறிய கட்டணம் முன்பணமாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். புகார் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் புகார் கொடுத்த அதே அலுவலகத்தை நீங்களாகவே அழைத்து, அப்படி யாரையாவது நியமித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.